மோட்டார் எரியாமல் காக்கும் மின்னணுக் கருவிகள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



போன கோடையில் ஒரு நாள் காலை ஆறரை மணி இருக்கும். எங்கள் வட்டாரத்தில் நான் நன்றாக அறிந்த ஒரு பெரியவரிடமிருந்து போன் வந்தது. "சார், மோட்டார் போச்சுங்க. வெங்காயம் காய் பெருக்குற சமயமுங்க. என்ன பண்றதுன்னே தெரியலீங்க" என்றார். அவர் குரலைக் கேட்டதும் சும்மா இருக்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

மோட்டார் ரூம் கதவைத் திறந்ததுமே எரிந்த வார்னிஷ் வாடை. இரவு இரண்டு மணிக்கு கரண்ட் வந்திருக்கிறது. ஆட்டோ சுவிட்ச் போட்டிருந்ததால் ஸ்டார்ட்டர் தானாகவே இழுத்துக்கொண்டது. ஆனால் வந்தது இரண்டு பேஸ்தான். மூன்றாவது பேஸ் வரவே இல்லை. மோட்டார் சுற்றாமல் "உம்ம்" என்று உறுமிக்கொண்டே நின்று, வைண்டிங் கருகிவிட்டது. பெரியவரோ வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஓவர்லோடு ரிலேயைத் தாண்டி நேராக ஒரு ஒயர் போட்டிருந்தது. பியூஸ் கட்டையில் பியூஸ் கம்பிக்குப் பதிலாக நாலைந்து செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தது. "இது என்னங்கய்யா?" என்று கேட்டேன். "போன வருசம் அடிக்கடி ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சுங்க சார். தண்ணி பாய்ச்ச முடியல. மெக்கானிக்கைக் கூப்பிட்டு நேரா போட்டுக்கிட்டேன்" என்றார்.

ஏன் ட்ரிப் ஆனது என்று யாரும் பார்க்கவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்பு அங்கே இருந்தது 5 எச்.பி. மோட்டார். கிணற்றில் தண்ணீர் கீழே போனதும் வாரியத்தில் அனுமதி வாங்கி 7½ எச்.பி. மாட்டியிருக்கிறார். ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றவில்லை. 5 எச்.பி. மோட்டார் முழு பாரத்தில் சுமார் 7½ ஆம்பியர் இழுக்கும். 7½ எச்.பி. சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். பழைய ரிலே தன் அளவுக்கு மேல் கரண்ட் போவதைப் பார்த்து, தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. குரைத்த நாயைக் கட்டிப் போட்டுவிட்டோம், திருடன் வந்துவிட்டான். அவ்வளவுதான்.

மோட்டாரைக் கழற்றி, வைண்டிங் கட்டி, திரும்ப மாட்ட ஐந்து நாள் ஆனது. வெங்காயம் அந்த ஐந்து நாளை மறக்கவில்லை. காய் சிறுத்துப் போயிற்று. 1990-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. கரண்ட் பில் நமக்கு இல்லை. ஆனால் வைண்டிங் பில் உண்டு, வாடிய பயிரின் நஷ்டம் உண்டு. ஆகவே இன்றைக்கு மோட்டாரைக் காக்கவும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் வந்திருக்கிற மின்னணுக் கருவிகளைப் பற்றி உங்களோடு பேசப் போகிறேன். எந்தத் தொல்லைக்கு எந்தக் கருவி, எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

மூன்று கம்பி ஏன்?

நம் கிணற்றில் ஓடுகிற மோட்டாரின் மூதாதையை 1889-இல் உருவாக்கியவர் டொலிவோ-டோப்ரோவோல்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளர். ஜெர்மனியில் வேலை பார்த்தவர். மூன்று பேஸ் மின்சாரத்தைக் கொடுத்தால், மோட்டாருக்குள் காந்தப்புலம் தானாகவே சுழலும். அந்தச் சுழற்சி உள்ளே இருக்கிற இரும்பு உருளையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு சுற்றும். பிரஷ் இல்லை, உரசித் தேய்கிற பாகம் பேரிங்கைத் தவிர வேறில்லை. அதனால்தான் நூற்றுமுப்பது வருஷம் கழித்தும் அதே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, கோவைப் பக்கம் மின்சாரம் வந்தது. 1937-இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டாரை உள்நாட்டிலேயே செய்து காட்டினார்கள். கவலை இறைத்த மாடுகளுக்கு அதற்குப் பிறகுதான் ஓய்வு கிடைத்தது.

மூன்று கம்பியில் ஒன்று போய்விட்டால் என்ன ஆகும்? நின்றிருக்கிற மோட்டார் கிளம்பாது. காந்தப்புலம் சுழலாமல் முன்னும் பின்னும் துடிக்கும். மற்ற இரண்டு கம்பியிலும் வழக்கத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கரண்ட் பாயும். சில நிமிஷத்தில் வைண்டிங் கருகிவிடும். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரில் ஒரு பேஸ் போனால், அது நிற்காது, முக்கிக்கொண்டு ஓடும். அப்போது மீதிக் கம்பிகளில் சுமார் 1¾ மடங்கு கரண்ட் போகும். இதுவும் வைண்டிங்கைத் தின்றுவிடும், கொஞ்சம் நிதானமாக.

லோ வோல்டேஜும் அப்படித்தான். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 330 வோல்ட் வருகிறது என்று வையுங்கள். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் மோட்டாரின் இழுவை பலம் 100-க்கு 64-ஆகக் குறைந்துவிடும். பம்பு கேட்கிற வேலையோ குறையவில்லை. ஆகவே மோட்டார் கூடுதல் கரண்டை இழுக்கிறது, சூடாகிறது. வைண்டிங் இன்சுலேஷன் தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூடு ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கிற கணக்கு.

உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம்

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு பேஸில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, செத்துப்போன மூன்றாவது கம்பியில் மோட்டாரே மின்சாரத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். காற்றில் ஒரு லைன் கம்பி அறுந்து கீழே கிடக்கிறது, பியூஸ் போய்விட்டது, இனி அதில் கரண்ட் இருக்காது என்று நினைத்து யாரும் தொடாதீர்கள். எங்கோ ஒரு தோட்டத்தில் ஓடுகிற மோட்டார் வழியாக அந்தக் கம்பிக்கு உயிர் வந்திருக்கலாம். மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கிட்டே போகாமல், மற்றவர்களையும் போக விடாமல், மின்வாரியத்துக்குத் தகவல் கொடுங்கள்.

மூன்று பேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லியாக வேண்டும். அப்படி ஓட்டும்போது மூன்று வைண்டிங்கிலும் கரண்ட் சமமாகப் போகாது, மோட்டார் சூடாகும். அதோடு மூன்றாவது பேஸ் லைன் பக்கம் திறந்திருந்தால், கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கு நாமே எமனாகிவிடுவோம். ஒரு தண்ணீர்ப் பாய்ச்சலுக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்கலாமா?

முதல் காவல்: பேஸ் தடுப்பான்

பேஸ் போனால் மோட்டாரை உடனே நிறுத்துகிற கருவியை "சிங்கிள் பேஸ் பிரிவென்டர்" என்பார்கள். கடையில் "பிரிவென்டர்" என்று கேட்டாலே கொடுப்பார்கள். உள்ளங்கை அகலப் பெட்டி. ஸ்டார்ட்டர் காயிலுக்குப் போகிற ஒயரில் இதைச் சேர்ப்பார்கள். தப்பான கரண்ட் வந்தால் காயிலுக்குப் போகிற மின்சாரத்தை வெட்டிவிடும், ஸ்டார்ட்டர் விழுந்துவிடும்.

இதில் இரண்டு ரகம். வோல்டேஜைப் பார்ப்பது ஒன்று. கரண்டைப் பார்ப்பது மற்றொன்று. முதல் ரகம், மோட்டார் கிளம்புவதற்கு முன்பே பேஸ் இல்லை என்று கண்டுகொண்டு தடுக்கும். எங்கள் பெரியவர் தோட்டத்தில் அன்றிரவு அது இருந்திருந்தால் மோட்டார் பிழைத்திருக்கும். ஆனால் ஓடுகிற மோட்டாரில் பேஸ் போனால், செத்த கம்பியில் மோட்டாரே வோல்டேஜை உண்டாக்கும் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் போலி வோல்டேஜைப் பார்த்து, சாதாரண வோல்டேஜ் ரகப் பெட்டி சில சமயம் ஏமாந்துபோகும். கரண்டைப் பார்க்கிற ரகம் ஏமாறாது. அதன் ஓட்டைகள் வழியாக மோட்டார் ஒயரை நுழைத்து விடுவார்கள். கம்பியில் கரண்ட் போகிறதா இல்லையா என்று நேராகவே அது பார்க்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கருவியை வாங்குவது நல்லது. பேஸ் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றாமலும் பல கருவிகள் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் இல்லாமல் ஓடுவதையும் கரண்டைப் பார்க்கிற கருவி கண்டுபிடிக்கும். பம்பு தண்ணீர் இழுக்காவிட்டால் பாரம் குறைந்து கரண்ட் இறங்கும். அதைப் பார்த்து நிறுத்திவிடும். போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். அந்த மோட்டாருக்குச் சூட்டைத் தணிப்பது தண்ணீர்தான். பம்பின் பேரிங்குக்கு வழவழப்புத் தருவதும் தண்ணீர்தான்.

பிரிவென்டர் வாங்கிவிட்டோம், ஓவர்லோடு ரிலே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேண்டும். ரிலேயில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பக்கத்தில் ஆம்பியர் எண்கள் இருக்கும். மோட்டாரின் பெயர்த் தகட்டில் போட்டிருக்கிற ஆம்பியருக்கு அதை வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே வைண்டிங் வழியில் இருந்தால், தகட்டு அளவில் 58 சதவீதம் வைக்க வேண்டும். 14 ஆம்பியர் மோட்டார் என்றால் சுமார் 8 ஆம்பியர். உங்கள் ரிலே எந்த வழியில் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, அவர் கையாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக ஓடுவதும் போனில் ஓடுவதும்

ராத்திரியில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் பாம்புக்குப் பயந்துகொண்டு மோட்டார் போடப் போகிற கஷ்டம் எனக்குத் தெரியும். அதனால்தான் ஆட்டோ சுவிட்ச் வந்தது, பிறகு செல்போனில் கூப்பிட்டு மோட்டார் போடுகிற ஸ்டார்ட்டரும் வந்தது. நல்ல கருவிகள்தான். ஆனால் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கிற முப்பது மோட்டாரும் கரண்ட் வந்த அதே நொடியில் கிளம்பினால் என்ன ஆகும்? நேராகக் கிளம்புகிற மோட்டார் ஒவ்வொன்றும் ஆறு ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும், எந்த மோட்டாரும் ஒழுங்காகக் கிளம்பாது. ஆட்டோ கருவியில் எத்தனை நேரம் கழித்துக் கிளம்ப வேண்டும் என்று வைக்க வசதி இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி, ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு நிமிஷம், அவருக்கு இரண்டு நிமிஷம் என்று. பணம் காசு செலவில்லாத வைத்தியம் இது.

இரண்டு, பம்பில் கை வைக்கும்போதும் கிணற்றில் இறங்கும்போதும் ஆட்டோவை நிறுத்தினால் மட்டும் போதாது. மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். மகன் டவுனில் இருந்தபடியே போனில் மோட்டாரைப் போட்டுவிட்டால் அப்பாவின் கதி என்ன?

வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி

இனி விலை கூடிய கருவிக்கு வருவோம். மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்குகிற டிரைவ். வி.எஃப்.டி. என்று சொல்வார்கள்.

நமக்கு வருகிற மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி வருகிறது. அதை 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். மோட்டார் 1440 சுற்று ஓடுவதும் 2880 சுற்று ஓடுவதும் இந்த 50-ஐப் பொறுத்ததுதான். வேகத்தை மாற்ற வேண்டுமானால் இந்த 50-ஐ மாற்ற வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் சின்ன அளவில் அது எளிதாக முடியவில்லை.

வழி திறந்தது அரைக்கடத்தியால். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1947-இல் டிரான்சிஸ்டர் வந்தது. 1957-இல் அந்த நாட்டின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் வந்தது. தைரிஸ்டர் என்பது ஒரு மடை மாதிரி. சின்ன சமிக்ஞை கொடுத்தால் திறந்துகொண்டு பெரிய கரண்டை விடும். ஆனால் அந்த மடையைத் திறக்கத்தான் முடியும், மூட முடியாது. தண்ணீர் தானாக நின்றால்தான் மடை மூடிக்கொள்ளும். மோட்டாரை அதிராமல் மெதுவாகக் கிளப்புகிற சாஃப்ட் ஸ்டார்ட்டரில் இருப்பது இதுதான். வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். நிறுத்தும்போதும் மெதுவாக நிறுத்தும்படி வைத்தால், நீளமான பைப் லைனில் தண்ணீர் திரும்பி அடிக்கிற அடி குறையும். ஆனால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் கிளப்பவும் நிறுத்தவும்தான். ஓடும்போது வேகத்தைக் குறைக்காது.

நினைத்தபோது திறக்கவும் நினைத்தபோது மூடவும் கூடிய, பெரிய கரண்டைத் தாங்குகிற மடை 1980-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு ஐ.ஜி.பி.டி. என்று பெயர். அதை உருவாக்கியதில் முதன்மையானவர் ஜயந்த் பாலிகா. 1948-இல் நம் சென்னையில் பிறந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, பிறகு அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2024-இல் பின்லாந்து நாடு வழங்கும் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்றைக்கு ரயில் என்ஜினிலும், மின்சாரக் காரிலும், நம் தோட்டத்து சோலார் பம்பிலும் இருக்கிற மடை அதுதான்.

டிரைவ் பெட்டிக்குள் மூன்று வேலை நடக்கிறது. வருகிற மின்சாரத்தை முதலில் திசை மாறாத நேர் மின்சாரமாக ஆக்குகிறது. பிறகு அதைக் கண்டன்சரில் தேக்குகிறது. நீங்கள் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டியில் விட்டு வைக்கிற மாதிரி. கடைசியில் ஆறு மடைகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, 30 ஹெர்ட்ஸோ 45 ஹெர்ட்ஸோ, வேண்டிய அளவில் மூன்று பேஸ் மின்சாரமாக மோட்டாருக்கு விடுகின்றன. மோட்டார் பூனைபோல மெதுவாகக் கிளம்பும்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

விற்க வருகிறவர் ஒரு கணக்குச் சொல்வார். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதிதான் ஆகும் என்பார். கணக்கு பொய்யல்ல. ஆனால் அது தண்ணீரை மேலே தூக்காமல், பைப்பின் உராய்வை மட்டும் எதிர்த்துத் தள்ளுகிற பம்புக்கு. நம் பம்பு ஆழத்திலிருந்து தூக்குகிறது. அதற்குத் தனிக் கணக்கு.

உங்கள் பம்பு முழு வேகத்தில் அதிகபட்சம் 40 மீட்டர் உயரம் வரை தண்ணீரைத் தள்ளும் என்று வைப்போம். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் 30 மீட்டர். வேகத்தை 85 சதவீதமாகக் குறைத்தால், பம்பு தள்ளக்கூடிய உயரம் 85-இல் 85 பங்காகக் குறையும். அதாவது 28.9 மீட்டர். 30 மீட்டர் ஏற வேண்டிய இடத்தில் 29 மீட்டர்கூட இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே வராது. மோட்டார் மட்டும் கீழே சும்மா சுற்றும். ஆகவே ஆழமான போர்வெல்காரர்கள் மின்சாரம் மிச்சமாகும் என்று மட்டும் நம்பி டிரைவ் வாங்க வேண்டாம்.

யாருக்கு உதவும்? சொட்டுநீர்ப் பாசனத்தில் ஒரு நேரம் ஒரு வால்வு, ஒரு நேரம் மூன்று வால்வு திறக்கிறவர்களுக்கு உதவும். எத்தனை திறந்தாலும் பைப்பில் அழுத்தம் ஒரே அளவாக இருக்கும்படி வேகத்தை அதுவே மாற்றிக்கொள்ளும். ஊற்று குறைந்த போரில், ஊறுகிற அளவுக்குத் தகுந்தபடி இறைக்க உதவும். மற்றவர்களுக்கு நல்ல ஸ்டார்ட்டரும், சரியான ரிலேயும், ஒரு பிரிவென்டரும் போதும்.

டிரைவ் வைத்திருப்பவர்கள் நான்கு விஷயத்தை நினைவில் வையுங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கண்டன்சர் இருக்கவே கூடாது. பழைய கண்டன்சரைக் கழற்றாமல் மாட்டினால் டிரைவ் கெட்டுவிடும். மெயினை அணைத்த பிறகும் உள்ளே ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். குறைந்தது பத்து நிமிஷம் பொறுக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. நீர்மூழ்கி மோட்டாரை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட விடக் கூடாது. அடி பேரிங்கில் தண்ணீர்ப் படலம் நிற்காது. கேபிள் மிக நீளமாக இருந்தால் மோட்டார் வைண்டிங்கைக் காக்க பில்டர் தேவையா என்று டிரைவ் கொடுக்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோலார் பம்பின் மூளை

சோலார் பம்பில் பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதுவும் ஒரு டிரைவ்தான். பேனல் கொடுக்கிற நேர் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது. காலை வெயிலில் மோட்டார் மெதுவாக ஓடும். உச்சியில் முழு வேகம் எடுக்கும். மேகம் வந்தால் நின்றுவிடாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கவலை இறைத்த காலத்தை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மாட்டின் பலத்துக்கு மீறிய சாலைக் கட்டினால் மாடு நின்றுவிடும். சின்னச் சாலைக் கட்டினால் மாடு சுகமாக நடக்கும், தண்ணீர் வராது. சரியான சாலைக் கட்டினால்தான் பொழுதுக்கும் அதிகத் தண்ணீர். பேனலும் அந்த மாடு மாதிரிதான். அந்தந்த நேர வெயிலுக்கு எவ்வளவு பாரம் கொடுத்தால் அதிகச் சக்தி கிடைக்கும் என்று இந்தப் பெட்டி விநாடிக்கு விநாடி பார்த்து, சாலை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

2019-இல் மத்திய அரசு பிரதம மந்திரி குசும் திட்டத்தைத் தொடங்கியது. சோலார் பம்பு மானியம் எவ்வளவு, யாருக்கு என்பது அவ்வப்போது மாறும். வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும் மறவாதீர்கள். வெயில் இருக்கும் வரை பேனல் ஒயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பெட்டியில் சுவிட்சை அணைத்தாலும் பேனல் அணையாது. அந்த ஒயரை நாமே பிரித்துப் பார்க்கக் கூடாது. பேனலில் படிகிற தூசியை, சூடு ஏறாத காலை நேரத்தில் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது

பெருமக்களே, இவ்வளவு நேரம் கேட்டீர்கள். நாளைக் காலையில் மோட்டார் ரூமுக்குப் போகும்போது சில காரியங்கள் செய்யுங்கள். மோட்டாரின் பெயர்த் தகட்டில் இருக்கிற எச்.பி.யையும் ஆம்பியரையும் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வையுங்கள். ஸ்டார்ட்டர் அதே எச்.பி.க்கு உரியதுதானா என்று பாருங்கள். பிறகு நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். ரிலேயைத் தாண்டி ஒயர் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பியூஸில் சரியான கம்பி இருக்கிறதா, எர்த் ஒயர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயர் நுழைகிற ஓட்டைகளை அடையுங்கள். பல்லி புகுந்து எரிந்த ஸ்டார்ட்டர்கள் கொஞ்சமல்ல. மோட்டார் ஓடும்போது மூன்று கம்பியிலும் எத்தனை ஆம்பியர் போகிறது என்று கவ்வு மீட்டரில் அளந்து, அதையும் சுவரில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் அந்த எண் ஏறியிருந்தால், மோட்டார் நோய்ப்படுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ரிலே அடிக்கடி விழுந்தால் அதன் மேல் கோபப்படாதீர்கள். ஏன் விழுந்தது என்று கேளுங்கள். வோல்டேஜ் குறைவா, பேரிங் இறுக்கமா, பம்பில் மண் அடைப்பா, அளவு தப்பா? நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

எங்கள் பெரியவர் 7½ எச்.பி.க்கான ஸ்டார்ட்டரும் ஒரு பிரிவென்டரும் மாட்டிக்கொண்டார். அடுத்த மாதமே ஒரு நாள் அதிகாலையில் மறுபடியும் போன். எனக்குத் திக்கென்றது. "சார், ராத்திரி ரெண்டு பேஸ்தான் வந்திருக்குது போலீங்க. சிவப்பு லைட் எரியுதுங்க. மோட்டார் ஓடவே இல்லீங்க" என்றார். "மோட்டார் ஓடலைன்னு சொல்லவா கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "ஓடாம இருந்துச்சே, அதைச் சொல்லத்தாங்க கூப்பிட்டேன்" என்று சிரித்தார்.

அப்படி ஒரு போன் உங்களிடமிருந்தும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். வணக்கம்.